இருபத்துநாலு அங்குல ஆபீஸ்

“ரெண்டு பேரு உக்காந்து எழுதற ரூமுக்கு, இருபது பேரு பாக்கற டிவி எதுக்கு? எழுத்து பெரிசா தெரியணும்னா கண்ணாடிய மாத்து, டிவிய மாத்தாத.”

இது என் வீட்டுக்காரர் சொன்னது. மெட்ராஸில் ஒரு டிவி கடையில், விற்பனையாளர் எதிரிலேயே, நான் பதினாலு அங்குலப் பெட்டியைத் தாண்டிப் போய் இருபத்துநாலு அங்குலத்தின் தலையில் கையை வைத்தபோது சொன்னது. நான் கையை எடுக்கவில்லை. மனு எழுதிக் கொடுக்கிற தொழிலில் முதலில் போவது கண், அடுத்துப் போவது பொறுமை; எனக்கு வரிசை மாறி, பொறுமை போய் வெகுநாள் ஆகியிருந்தது. மிச்சமிருந்த கண்ணையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்றுதான் கடைக்கு வந்திருந்தேன்.

பழவேற்காட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது நான் கொண்டுவந்த சீரில் ஊர் மதித்தது ஒன்றைத்தான்: கான்வென்ட் இங்கிலீஷ். கலெக்டருக்கு மனு, கல்ஃப் கம்பெனிக்கு லெட்டர், பாஸ்போர்ட் பாரம் எல்லாம் என் வீட்டு முன்கூடத்தில்தான் உற்பத்தி. கூலி கிடையாது. இறால் வரும், நண்டு வரும், “இன்னும் கொஞ்சம் காரமா எய்திருக்கலாம்” என்று குறையும் வரும். தமிழிலேயே எழுதலாமே என்று நான் சொல்லாமல் இல்லை. பக்கத்துக் குப்பத்தின் தலைவர் எத்திராஜ் அதற்கு விளக்கம் வைத்திருந்தார்: “தமிழ்ல எய்தினா படிச்சுப் பாத்து இல்லன்னுடுவான். இங்கிலீஷ்ல எய்தினா படிக்காமயே கையெய்த்து போட்ருவான்.”

எத்திராஜ் ஒரு மனுவுக்குள் நாலைந்து தடவை மனம் மாறுகிறவர். டைப்ரைட்டரில் ஒரு சொல் மாறினால் தாள் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும், கார்பனோடு. சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி இந்தக் கதையைக் கேட்டு இரக்கப்பட்டு, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு கம்ப்யூட்டரை அனுப்பிவைத்தான். அதை டிவியில் சொருகினால் அடிப்பது திரையில் வரும். எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்தலாம். எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகு ஒரே தடவை டைப் அடித்தால் போதும். பிரிண்டரைப் பிறகு அனுப்புகிறேன் என்றான். இன்றுவரை அனுப்பிக்கொண்டே இருக்கிறான்.

பகலில் அந்தத் திரையால் எனக்குப் பிரயோசனமில்லை. வீட்டுக்குப் பின்னால் என் வீட்டுக்காரரின் ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடும்வரை எங்கள் லைனில் கரண்ட் இழுத்துக்கொண்டு கிடக்கும். படம் நாலு பக்கமும் சுருங்கித் தபால்தலை ஆகிவிடும். மிஷின் நின்ற பிறகு, சாயங்காலம் ஒரு மணி நேரம் திரை என் கையில் இருக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். வீட்டிலேயே ஆபீஸ் வைத்திருக்கும் சகோதரிகள் இந்த இடத்தில் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

பதினாலா, இருபத்துநாலா

கம்ப்யூட்டரைப் பையில் கொண்டுபோயிருந்தேன். இரண்டு பெட்டியிலும் சொருகிக் காட்டுங்கள் என்றேன். பதினாலு அங்குலத்தில் எழுத்துகள் கூனி இறால் குவித்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. இருபத்துநாலில் ஒவ்வொரு எழுத்தும் அசெம்பிளியில் நிற்கும் பிள்ளை மாதிரி தனித்தனியாக, நிமிர்ந்து, எட்ட நின்றாலும் கண்ணில் படும்படி நின்றது. எட்ட நின்றால் யார் கண்ணில் படும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. போதாததற்கு அந்தப் பெட்டிக்கு மரக்கதவு இருந்தது. கதவில் பூட்டு இருந்தது. பூட்டைப் பார்த்தால் எந்த இல்லத்தரசிக்கு மனம் நிறையாது?

என் வீட்டுக்காரர் கடைசி ஆயுதமாக, “இது கலர் கூட இல்ல” என்றார். மனுவுக்கு எதற்குக் கலர் என்றேன். பில் போடும்போது விற்பனையாளர் யார் பெயருக்கு என்று கேட்டார். ஆபீஸ் உபயோகத்துக்கு என்று எழுதுங்கள் என்றேன். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். “எழுதறேன் மேடம். ஆனா ஆபீசுக்குன்னு இங்கேருந்து போன டிவி எதுவும் இதுவரைக்கும் ஆபீசாவே இருந்ததில்ல.”

வெயிலில் வைத்தது

வண்டிக்கூலி தனியாக எதற்கு என்று, மீன் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய எங்கள் ஐஸ் வண்டியிலேயே பெட்டியை ஏற்றிவிட்டார் என் வீட்டுக்காரர். வண்டி காலி என்பது அவர் கணக்கு. அடியில் உடைந்த ஐஸும் மரத்தூளும் மீன் தண்ணீரும் மிச்சம் இருந்தன. பொன்னேரி தாண்டுவதற்குள் அட்டைப்பெட்டி கூழாகிவிட்டது. வீட்டில் இறக்கியபோது இருபத்துநாலு அங்குல டிவி வாளை மீன் வாசனையோடு சொட்டிக்கொண்டு நின்றது.

நன்றாகக் காயும்வரை கரண்ட் கொடுக்கக் கூடாது என்றார் மெக்கானிக். வாசலில் பாய் விரித்து, பின்மூடியைக் கழற்றி, காக்கை கொத்தாமல் மேலே வலையைப் போட்டு வெயிலில் வைத்தோம். இதில் என்ன விசித்திரம் என்று எங்கள் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. வலைக்கடியில் வெயிலில் ஒரு பொருள் கிடந்தால் அது என்ன என்று அவர்களுக்குத் தெரியும். கருவாட்டுக் கூடையோடு போய்க்கொண்டிருந்த கன்னியம்மா மட்டும் நின்று, குனிந்து, தொழில் தெரிந்த கண்ணால் பார்த்தாள். “யம்மா, ஒரே பக்கமா காயுது பாரு. மத்தியானத்துக்கு ஒரு தபா திருப்பிப் போடு, இல்லாட்டி உள்ள கெட்டுப்பூடும்.”

வாடைக் காற்றும் வானிலை அறிக்கையும்

ஆண்டெனாவே வேண்டாம், கம்ப்யூட்டருக்கு அது தேவையில்லை என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. “இம்மாம் பெரிய டிவிய வாங்கி ஆண்டெனா இல்லன்னா, பெட்டி ரிப்பேருன்னு ஊர்ல சொல்லுவாங்க” என்றார் என் வீட்டுக்காரர். இரும்புக் குழாயை உப்புக்காற்று தின்றுவிடும் என்று எத்திராஜ் ஒரு பழைய தோணியின் பாய்மரத்தைக் கொண்டுவந்து மாடியில் நட்டார். உச்சியில் ஆண்டெனா. அதோடு விட்டிருக்கலாம். பாய்மரத்தை நட்ட கைகள் கயிறு கட்டாமல் இறங்குமா? ஆண்டெனாவின் இரண்டு கோடியிலும் கயிறு கட்டி, பாயை இழுப்பது போல அதைக் காற்றுக்குத் தகுந்தபடி திருப்பிக்கொள்ள, இரண்டு கயிற்றையும் என் ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள் விட்டார்கள்.

அன்றிலிருந்து படம் ஓடும்போதெல்லாம் கூடத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தோணிரேவிலிருந்து வந்த ஒரு பெரியவர் அந்த வேலையை விரும்பி ஏற்றுக்கொண்டார். காற்று நின்று, படம் கல்லில் செதுக்கிய மாதிரி நின்றாலும் அவர் கயிற்றை விடமாட்டார். ஒரு நாள் புயல் எச்சரிக்கை வாசித்துக்கொண்டிருந்தார்கள். வெளியில் வாடை வீசத் தொடங்கியது. வாசிக்கிறவர் இரண்டு பேராகப் பிரிந்தார். கடல் கொந்தளிப்பு பற்றி அவர் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. மற்றக் கயிற்றருகே இருந்த பையனுக்குப் பெரியவர் கொடுத்த குரல் மட்டும் கேட்டது: “வாடை திரும்பிச்சு நைனா, இடது கயித்த எளக்கு, ஆளு ரெண்டா போறாரு.”

மினுக்குகிற கட்டம்

அந்த வருஷம் ஏரி முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக்கொண்டே வந்தது. முகத்துவாரம் அடைத்தால் கடல் தண்ணீர் உள்ளே வராது; தண்ணீர் வராவிட்டால் இறால் வராது. மணலை வெட்டி விடச் சொல்லி மனு. மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய ஆபீசர் பார்வையிட வருவதாகவும், அவர் கையிலேயே கொடுத்துவிடலாம் என்றும் ஏற்பாடு. நான் கம்ப்யூட்டரைச் சொருகி உட்கார்ந்தேன். தாளில் எழுதிய காலத்தில் மனுவை நான் ஒருத்திதான் பார்ப்பேன். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போது அந்த முகத்துவாரத்தை நம்பிப் பிழைக்கிற மூன்று குப்பத்து ஆட்களும் கூடத்தில் உட்கார்ந்து மனுவைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது. அது ஒரு தடையாக இல்லை.

“இந்த வரி குட்டையா கீது. ஏதோ குத்தம் பண்ணவன் மாதிரி நிக்குது. நீட்டு” என்றார் ஒருவர். நீட்டினேன். நீண்ட வரி மூன்றாவது குப்பத்தின் பெயருக்குப் பக்கத்தில் வந்ததால் முதல் குப்பம் கோபித்துக்கொண்டது. எடுத்து மேலே வைத்தேன். “சர்” என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது, ஆபீசர் சந்தோஷப்பட நான்காவதாக ஒன்று போடலாமே என்று ஒரு யோசனை. என் டைப்ரைட்டரின் அருமை எனக்கு அன்று தெரிந்தது: அது திருத்தத்தைக் கஷ்டமாக்கி என்னைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அடுத்த எழுத்து விழுகிற இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் மினுக்கிக்கொண்டே இருக்கும் அல்லவா, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த எத்திராஜ் கடைசியில் வாயைத் திறந்தார். “யம்மா, மினுக்கு மினுக்குன்னுதே அந்த டப்பா, அதுக்குள்ள எங்க குப்பத்துப் பேர எய்து. ஆபீசர் கண்ணு நேரா அங்கதான் போவும்.”

மதர் சீரியஸ்

அடுத்த தெரு ஜுலைகாவின் புருஷன் துபாயில். ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. கம்பெனி மேனேஜர் லீவு தருவதில்லை. மேனேஜருக்கே ஒரு லெட்டர் போட்டுவிடலாம் என்று அவள் மாமியாரோடு வந்தாள். விஷயம் வெளியே போகக் கூடாது என்று சைகையிலேயே சொன்னாள். நான் வாசல் கதவைச் சாத்தினேன். ஜன்னலைச் சாத்த முடியாது, கயிறு இருக்கிறதே. லீவு கேட்பதற்கு நம் நாட்டில் இருக்கிற ஒரே காரணத்தை, கான்வென்ட் இங்கிலீஷில், இருபத்துநாலு அங்குலத்தில் அடித்தேன்.

எதிர்வரிசையில் தையல் கடை. தையல்காரருக்கு இங்கிலீஷில் பெரிய எழுத்து மட்டும் தெரியும். என் கம்ப்யூட்டர் பெரிய எழுத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது. அவர் மிஷினை நிறுத்திவிட்டுத் தெருவைத் தாண்டி உரக்கப் படித்தார்: “ம-தர் சீ-ரி-யஸ்.” இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கும் அந்த இரண்டு சொல் தெரியும், எத்தனை தந்தியில் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பெண்கள் அழத் தயாராக முந்தானையோடு ஓடிவந்தார்கள். சீரியஸாக இருக்க வேண்டிய மாமியார் என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஜுலைகா முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலைத் துணியை இழுத்து மூடிக்கொண்டாள். சின்ன டிவியாக ஒன்று வாங்கியிருக்கக் கூடாதா அக்கா என்று என்னிடம் முணுமுணுத்தாள். மாமியார் முறுக்கை முழுசாகத் தின்று முடித்து, கையைத் தட்டிவிட்டு, தெருவுக்கும் எனக்கும் மருமகளுக்கும் பொதுவாகச் சொன்னார். “எழுதறதுதான் எழுதற, மவுத்தாப் போயிட்டேன்னே எழுது புள்ள. சீரியஸ்னா அவன் மருந்துக்குப் பணம்தான் அனுப்புவான், வரமாட்டான்.”

மனுவின் குரல்

அடித்ததைப் பத்திரப்படுத்த வேண்டுமானால் டேப் ரெக்கார்டரில் பதிய வேண்டும். கரண்ட் போனால் திரையில் இருப்பது போய்விடும். கேசட்டில் இருந்தால் மறுநாள் திரும்ப எடுக்கலாம். முகத்துவார மனு பாதிக்கு வந்திருந்தது. கேசட்டின் மேல் ‘மனு, தொடாதே’ என்று தமிழில் எழுதி அலமாரியில் வைத்தேன். தொடாதே என்று எழுதுவது எங்கள் வீட்டில் அழைப்பிதழ் மாதிரி. என் வீட்டுக்காரர் அதை எடுத்துப்போய், ஐஸ் கொட்டகையில் காத்திருந்தவர்களுக்குப் பாட்டுப் போடுவதாக நினைத்துப் போட்டுவிட்டார்.

கம்ப்யூட்டர் பதிந்த கேசட்டைக் கேட்காதவர்களுக்குச் சொல்கிறேன்: கீச்சென்று ஒரு நீளக் கூப்பாடு, பிறகு ஆயிரம் தவளையை ஒன்றாக வதக்குகிற சத்தம். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், கொட்டகையில் எல்லாரும் மரியாதையாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இது பாட்டில்லை, உங்கள் மனு என்றேன். கீச்சுச் சத்தம் கடைசிவரை ஓடி முடிந்தது. எத்திராஜ் கேசட்டை எடுத்துக் கையில் வைத்துத் தடவிப் பார்த்தார். அவ்வளவு நிறைவாக அவரை நான் பார்த்ததில்லை. “டைப்பு கிய்ப்பு ஒண்ணும் வாணாம்மா. ஆபீசர் எதுக்க இத அப்டியே போட்டுடு. நிறுத்தச் சொல்லியே கையெய்த்து போட்ருவான்.”

திருப்புளி யார் கையில்

ஆபீசர் வருவது திங்கட்கிழமை காலை என்று முடிவாயிற்று. மனுவில் இன்னும் மூன்று குப்பத்தின் பெயர்களும் ஒன்றோடொன்று சமாதானம் ஆகவில்லை. மிச்சமிருந்தது ஞாயிறு சாயங்காலம். ஞாயிறு சாயங்காலம் டிவியில் தமிழ்ப் படம்.

இங்கே ஒரு சின்ன விவரம் சொல்ல வேண்டும். ஆண்டெனா ஒயரும் கம்ப்யூட்டர் ஒயரும் பெட்டியின் பின்னால் ஒரே இரண்டு திருகாணியில்தான் மாட்ட வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது இல்லை. ஆகவே என் ஆபீசின் நிர்வாகம் முழுவதும் ஒரு திருப்புளியில் இருந்தது. மரக்கதவின் பூட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: சாவி மூன்றாம் வாரமே எத்திராஜ் அரைஞாணில் தொங்கியது, “ஊரே பாக்கற பெட்டிக்குப் பூட்டா?” என்று என்னைக் கேட்டு என் வீட்டுக்காரரே கழற்றிக் கொடுத்தார்.

மிஷின் நின்றதும் நான் ஆண்டெனா ஒயரைக் கழற்றினேன். கூடம் ஏற்கனவே நிறைந்திருந்தது; ஜன்னலில் தலைகள், வாசலில் தலைகள், கயிற்றுப் பெரியவர் தன் இடத்தில். இன்று படம் இல்லை, மனு என்றேன். சரி என்று சொல்வார்கள் என எதிர்பார்த்த அளவுக்கு நான் முட்டாளில்லை. ஆனால் முகத்துவாரம் அவர்களுடையது, இறால் அவர்களுடையது, பிள்ளைகளின் சோறு அவர்களுடையது. ஒருத்தராவது எழுந்து, அந்தம்மா சொல்றது ஞாயம் என்பார் என்று நினைத்தேன். எத்திராஜ் எழுந்தார். என் கையிலிருந்த திருப்புளியை, கோயில் பிரசாதம் வாங்குகிற பணிவோடு, வாங்கிக்கொண்டார். “மனு நாளைக்கும் எய்திக்கலாம்மா. இந்தப் படம் நாளைக்கு வராது.”

ஆபீசர் வந்தார்

படம் முடிந்ததும் கரண்ட் போயிற்று. காலையில் மிஷின் ஓடியது. ஆபீசர் ஜீப்பில் வந்து, படகில் போய், மணல் மேட்டைப் பார்த்து, இளநீர் குடித்துவிட்டுக் கையை நீட்டினார். எத்திராஜ் அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெயர்கள் முடிவாகாமல் டைப் அடிக்க வழியில்லை; என்னிடம் இருந்தது மூன்று தடவை அடித்தடித்து எழுதிய கைப்பிரதி ஒன்று. அதைக் கொடுக்கப் போனேன். “இன்னாது, கையால எய்தினதா?” என்று எத்திராஜே என்னைத் தடுத்துவிட்டார், இருபத்துநாலு அங்குலத்தில் பார்த்த மனுவை ஒரு முழத் தாளில் கொடுக்க அவர் கௌரவம் இடம் தரவில்லை. எழுத்து மூலமாக எதுவும் இல்லையென்றால் தன்னால் எதுவும் செய்ய முடியாது, அடுத்த விஜயத்தில் தயாராக வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு ஆபீசர் ஜீப்பில் ஏறினார்.

சாயங்காலத்துக்குள் தப்பு யாருடையது என்று ஊர் கண்டுபிடித்துவிட்டது. சுண்ணாம்புக்குளத்துச் சந்தை வரைக்கும் அந்தச் செய்தி என்னை முந்திக்கொண்டு போய்விட்டது. வெங்காயம் வாங்கப் போன இடத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அந்தம்மாவா நீ? அத்தாம் பெரிய டிவிய வெச்சுக்கினு ஒரு மனு எய்த முடியலியாமே.”

பாடு

இப்படி இன்னொரு தடவை நடக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். இடம், என் கூடம். நான் காபி போட்டேன்.

எங்கள் ஏரியில் நல்ல இடம் கொஞ்சம், வலை நிறைய. அதனால் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்று குப்பங்கள் கூடி முறை வைத்திருக்கின்றன. அதற்குப் பாடு என்று பேர். கல்யாணமான ஆம்பளை ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலை இறக்க மாட்டான். அடிதடி இல்லாமல் ஏரி நடக்கிறது என்றால் அதனால்தான்; அதை நான் ஒருநாளும் கிண்டல் பண்ணியதில்லை. எத்திராஜ் எழுந்து, ஏரிக்கு ஒரு ஞாயம், இந்தப் பெட்டிக்கு ஒரு ஞாயமா, இதற்கும் பாடு வைத்துவிடுவோம் என்றபோது என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கடைசியில் முறை என்று ஒன்று வருகிறது. முறை வந்தால் எனக்கும் ஒரு நாள் வரும்.

ஞாயிறு படம் மூன்று குப்பத்துக்கும் மாற்றி மாற்றி. வெள்ளிக்கிழமை பாட்டு, பெண்டு பிள்ளைகளுக்கு, அவரவர் வீட்டு ஆம்பளையின் பங்கில். புதன்கிழமை நாடகம் ஜுலைகா தெருக்காரர்களுக்கு. செய்தி பொது. கிரிக்கெட், இடம் கொடுத்த மரியாதைக்காக, என் வீட்டுக்காரருக்கு. அவர் வெட்கப்பட்டு ஏற்றுக்கொண்டார். திருப்புளி பாடு உள்ளவர் கையில் இருக்கும். சீட்டு எடுத்தார்கள், சண்டையில்லை, அவ்வளவு ஒழுங்கு. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது: விவசாய நிகழ்ச்சி நேரம். நாற்று நடுவதைப் பார்க்க எங்கள் ஊரில் ஆள் கிடையாது. நான் காபித் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். “அது யாருக்கும் வாணாம். ஏரிய ஒரு நாள் சும்மா விடறோம் இல்ல, அது மாதிரி பொட்டியும் ஒரு நேரம் ஆறட்டும்” என்று எத்திராஜ் தீர்ப்புச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள், என் வீட்டுக்காரர் உட்பட.

ஏரியையே பங்கு போட்டு ஆளத் தெரிந்த ஊருக்கு, என் ஆபீசைப் பங்கு போட ஒரு சுற்றுக் காபி போதுமாக இருந்தது. முதல் பாடு யாருக்கோ அன்றைக்கே விழுந்திருந்தது. திருப்புளி பெட்டியின் பின்னால் போய்விட்டது, பெரியவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார், திரையில் புள்ளிகள் கலைந்து ஒரு முகம் வரத் தொடங்கியது. நான் நடுக்கூடத்தில் எழுந்து நின்றேன். முகத்தை மறைக்கிறேன் என்று பின்னாலிருந்து யாரோ புடவையை இழுத்தார்கள். நகராமல், முதலில் எத்திராஜைப் பார்த்து, பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, பிறகு கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் பார்த்துக் கேட்டேன்.

“தலைவரே, அந்த ஆறப்போடற நேரத்த எனக்குப் பாடா போடுங்க. நான் ஆம்பள இல்ல, தெரியும். ஆனா உங்க மொகத்துவாரத்துக்கு நான்தான் எழுதியாகணும். வாரத்துல ஒரு மணி நேரம், அந்தத் திருப்புளிய எங்கிட்ட குடுங்க.”